குழந்தையின் சாட்சியும் பெரியவர்களின் சந்தேகமும்

1986-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ராஜஸ்தானத்தில் ஒரு சிறு பெண் பலாத்காரம் செய்யப்பட்டு, இரத்தம் பெருக, நினைவில்லாமல் கிடக்கக் கண்டெடுக்கப்பட்டாள். டோங்க் செஷன்ஸ் கோர்ட்டார் 1987 நவம்பரில் எதிரியைக் குற்றவாளியென்று தீர்மானித்து ஏழு வருஷம் கடுங்காவல் விதித்தார்கள். எதிரி ஹைக்கோர்ட்டுக்கு அப்பீல் செய்துகொண்டார். அந்த அப்பீல் எப்பொழுது தீர்ந்தது தெரியுமா? 2013 ஜூலையில்! இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தூங்கிக் கிடந்த அந்த அப்பீலை ஹைக்கோர்ட்டார் ஆறே பக்கத்தில் முடித்து, எதிரியை விடுதலை செய்து அனுப்பிவிட்டார்கள். பிறகு சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், அங்கும் வருஷங்கள் கழிந்து, 2025 மார்ச்சு 18-ந் தேதிதான் அந்த விடுதலை ரத்தாகி செஷன்ஸ் கோர்ட்டார் விதித்த தண்டனை நிலைநிறுத்தப்பட்டது. குற்றம் நடந்தபோது பாவாடை கட்டித் திரிந்த குழந்தைக்கு நீதி கிடைத்தபோது அவள் நாற்பதைத் தாண்டியிருப்பாள்.

ஹைக்கோர்ட்டார் விடுதலை செய்ததற்கு முக்கியமான காரணம் என்னவென்றால், அந்தக் குழந்தை சாட்சிக் கூண்டில் ஏறி ஒன்றும் சொல்லவில்லை என்பதேயாகும். என்ன நடந்தது என்று கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை, கண்ணீர்தான் வந்தது. செஷன்ஸ் ஜட்ஜு அந்தக் கண்ணீரை நேரில் பார்த்தார். பார்த்ததைக் குறித்து வைத்தார். இருபத்தைந்து வருஷம் கழித்து அந்தக் காகிதத்தைப் படித்தவர்களுக்கோ, அது எதிரிக்கு அனுகூலமான மௌனமாகத் தெரிந்தது. குழந்தையைக் கண்டெடுத்தவர் சொன்ன சாட்சியும், டாக்டர் கண்ட காயங்களும் எதிரே இருந்தும், “பெண்ணே ஒன்றும் சொல்லவில்லையே” என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் கரைந்து போயிற்று. சுப்ரீம் கோர்ட்டார் இதை மறுத்து, வயது வந்தவள் பேசாமலிருப்பதையும் குழந்தை பேசாமலிருப்பதையும் ஒன்றாக எண்ணக் கூடாதென்றும், மற்ற சாட்சியங்கள் குற்றத்தை ருஜுப்படுத்துகின்றனவா என்று பார்க்க வேண்டுமென்றும் சொன்னார்கள். அந்தக் குழந்தையின் பெயரை ஹைக்கோர்ட்டார் தீர்ப்பு முழுவதும் தாராளமாக எழுதி வைத்திருந்ததையும் கண்டித்தார்கள்.

இந்த ஒரு வழக்கை வைத்துக்கொண்டு நாம் ஜட்ஜுகளையெல்லாம் தூற்றப் புறப்படவில்லை. செஷன்ஸ் கோர்ட்டில் இருந்தவரும் ஜட்ஜுதான், சுப்ரீம் கோர்ட்டில் இருந்தவர்களும் ஜட்ஜுகள்தான். நாம் கேட்பதெல்லாம், குழந்தை சொன்னால் ஒரு நியாயமும் பெரியவன் சொன்னால் ஒரு நியாயமும் என்கின்ற இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான்.

சட்டத்திலிருந்து வரவில்லை. 1872-ம் வருஷத்திய சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் ஸ்டீபன் என்கின்ற வெள்ளைக்காரர். அதில் அவர் சாட்சி சொல்லுவதற்கு வயது வரம்பு ஒன்றும் வைக்கவில்லை. கேட்கிற கேள்வி விளங்கி, அறிவுக்குப் பொருத்தமாகப் பதில் சொல்லக் கூடியவர் யாராயிருந்தாலும் சாட்சி சொல்லலாம் என்றார். இத்தனை சாட்சி வேண்டும் என்று எண்ணிக்கையும் வைக்கவில்லை. எந்த விஷயத்தை ருஜுப்படுத்தவும் குறிப்பிட்ட தொகைச் சாட்சி தேவையில்லை என்றே எழுதினார். 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அந்தப் பழைய சட்டம் போய்ப் புதிய சாட்சியச் சட்டம் வந்திருக்கின்றது. 118-வது செக்ஷன் 124 ஆயிற்று. 134-வது செக்ஷன் 139 ஆயிற்று. நம்பர் மாறினதே ஒழிய விஷயம் மாறவில்லை. 1957-ல் சென்னை ராஜ்யத்திலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கில், ஒரே ஒரு சாட்சியை நம்பித் தூக்குத் தண்டனையையே சுப்ரீம் கோர்ட்டார் உறுதி செய்திருக்கிறார்கள். சாட்சியை எண்ணக்கூடாது, நிறுக்க வேண்டும் என்பது வக்கீல்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். கொலைக்கு ஒரு சாட்சி போதுமாம், ஆனால் எட்டு வயதுக் குழந்தை “மாமா என்னை இப்படிச் செய்தார்” என்று சொன்னால் மாத்திரம், “வேறு யார் பார்த்தார்கள்?” என்ற கேள்வி வருகின்றது. இந்தக் குற்றத்தைச் செய்கிறவன் சாட்சி வைத்துக் கொண்டா செய்வான்? கதவைத் தாழிட்டுச் செய்த காரியத்துக்கு வெளியே நின்றவனைச் சாட்சிக்கு அழைத்து வா என்றால், அது குற்றவாளிக்குச் செய்யும் உபகாரமா, நியாய விசாரணையா என்று கேட்கின்றோம்.

இந்த வழக்கம் சீமையிலிருந்து இறக்குமதியான சரக்கு. அதன் வரலாறு வேடிக்கையானது. இங்கிலாந்தில் பதினேழாவது நூற்றாண்டில் ஸர் மாத்யூ ஹேல் என்று ஒரு பெரிய ஜட்ஜு இருந்தார். பலாத்காரக் குற்றச்சாட்டு என்பது சொல்லுவதற்குச் சுலபம், ருஜுப்படுத்துவதற்குக் கஷ்டம், குற்றமற்றவனானாலும் எதிர்த்து வாதாடுவதற்கு அதைவிடக் கஷ்டம் என்ற கருத்தை எழுதி வைத்தவர் இவர்தான். இவர் இறந்து அறுபது வருஷம் கழித்து 1736-ல் அந்தப் புத்தகம் அச்சாயிற்று. அதற்குப் பிறகு பல தேசத்துக் கோர்ட்டுகளிலும் ஜட்ஜுகள் வேத வாக்கியம்போல் இதைச் சொல்லி ஜூரிகளை எச்சரித்து வந்தார்கள்.

இவ்வளவு ஜாக்கிரதையுள்ள இந்த மனிதர் 1662-ல் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்கின்ற ஊரில் என்ன செய்தார்? இரண்டு கிழ விதவைகள் சூனியம் வைத்துக் குழந்தைகளுக்கு வலிப்பு உண்டாக்கினார்கள் என்ற வழக்கு இவர் முன் வந்தது. குழந்தைகள் அந்தக் கிழவிகளைக் கண்டாலும், அவர்கள் தொட்டாலும் கை முறுக்கிக் கூச்சல் போட்டார்கள். அங்கிருந்தவர்களில் சிலருக்குப் புத்தி வேலை செய்தது. ஒரு பெண்ணின் கண்ணை மறைத்து, கிழவிக்குப் பதில் வேறொரு ஸ்திரீயைக்கொண்டு தொடச் செய்தார்கள். அப்பொழுதும் அதே வலிப்பு, அதே கூச்சல்! இது புரட்டு என்று சோதித்தவர்கள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஹேல் துரை வழக்கைத் தள்ளவில்லை. சூனியக்காரிகள் உண்டென்று வேத புஸ்தகம் சொல்லுவதால் அதில் தமக்குச் சந்தேகமில்லை என்று ஜூரிகளுக்குச் சொன்னார். இரண்டு கிழவிகளும் தூக்கில் தொங்கினார்கள். பரீட்சை செய்து பொய்யென்று தெரிந்த இடத்தில் நம்பினவர், பரீட்சை செய்யாமலே பெண்பிள்ளை சொல்லை நம்பாதே என்று எச்சரிக்கை எழுதி வைத்தார். இதையா மூன்று நூற்றாண்டு கட்டி அழ வேண்டும்? (உண்மையை மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பிரமாணமில்லாமலே விசாரிக்கலாம் என்றும் அதே ஹேல் எழுதியிருக்கிறார். அதை மாத்திரம் பின்னால் வந்தவர்கள் சௌகரியமாக விட்டு விட்டார்கள்.)

எப்படி விட்டார்கள் என்றால், 1779-ல் இங்கிலாந்தின் ஜட்ஜுகள் பன்னிரண்டு பேரும் கூடி, பிரமாணம் செய்யாதவருடைய சாட்சி சாட்சியே ஆகாது, பிரமாணத்தின் அர்த்தமும் பலனும் தெரிந்த குழந்தைதான் பிரமாணம் செய்யலாம் என்று முடிவு கட்டினார்கள். பலன் என்றால் என்ன? பொய் சொன்னால் கடவுள் தண்டிப்பார் என்ற நம்பிக்கை. ஆகவே குழந்தையின் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கு முன், பொய் சொல்லுகிறவர்கள் செத்த பிறகு எங்கே போவார்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. நரகம் என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கு நியாயம் உண்டு; தெரியாத குழந்தைக்கு இல்லை. எதிரிக்கு நரகத்தில் நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டார்களா என்பது நமக்குத் தெரிந்துகொள்ள ஆசை. பிறகு 1885-லும் 1933-லும் சட்டம் செய்து பிரமாணமில்லாத குழந்தையின் சாட்சியை அனுமதித்தார்கள்; ஆனால் வேறு சாட்சியம் ஒத்துக் கொடுத்தாலன்றித் தண்டிக்கக் கூடாது என்று கட்டும் போட்டார்கள். அந்தக் கட்டு 1988-ல்தான் அவிழ்ந்தது. மாப்பிள்ளை ஊரிலேயே கழற்றி எறிந்த செருப்பை நம்மவர்களில் சிலர் இன்னமும் தலையில் வைத்துக்கொண்டு திரிகின்றார்கள்.

நம் தேசத்தில் இந்தப் பிரச்சினை சுப்ரீம் கோர்ட் ஏற்பட்ட மறு வருஷத்திலேயே, 1951 டிசம்பரில், நேராக வந்துவிட்டது. இதுவும் ராஜஸ்தானத்து வழக்குத்தான். எட்டு வயதுப் பெண். பிரமாணத்தின் புனிதம் அவளுக்குத் தெரியவில்லை என்று விசாரித்த ஜட்ஜு எழுதி, பிரமாணம் இல்லாமலே சாட்சி வாங்கினார். நடந்து சுமார் நாலு மணி நேரத்தில் அவள் தன் தாயாரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். முதல் கோர்ட்டில் எதிரிக்கு ஒரு வருஷத் தண்டனை. அப்பீலில் செஷன்ஸ் ஜட்ஜு, “மனச்சாட்சிக்குப் பார்த்தால் எதிரி குற்றவாளிதான், ஆனால் சட்டப்படி வேறு ஆதரவுச் சாட்சியம் வேண்டும், அது இல்லை” என்ற தோரணையில் விடுதலை செய்துவிட்டார். ஹைக்கோர்ட்டார் அதை மாற்றினார்கள். சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்புச் சொன்னவர் ஜஸ்டிஸ் விவியன் போஸ். ஆதரவுச் சாட்சியம் தேடுவது முன் யோசனையின்பாற்பட்ட விஷயமே தவிர, அது இல்லாவிட்டால் தண்டனையே கூடாது என்பது சட்டமல்ல என்றார் அவர். எப்படிப்பட்ட முன் யோசனை என்றால், இது ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டிய சாட்சி என்ற நினைப்பு ஜட்ஜின் மனதில் இருக்க வேண்டும், இருந்தது தீர்ப்பில் தெரிய வேண்டும். அதற்குப் பிறகும் நம்பினால் தண்டிக்கலாம். பிரமாணம் இல்லாதது சாட்சியின் கனத்தைப் பாதிக்கலாமே தவிர, சாட்சி சொல்லும் தகுதியைப் போக்காது என்றும் சொன்னார்.

அந்தத் தீர்ப்பில் நாம் மிகவும் மெச்சுவது தாயாரைப் பற்றிய பாகம். தாய் சொந்தக்காரி, சொந்தக்காரியின் சாட்சி எப்படிச் சுயேச்சையான சாட்சியாகும் என்று எதிரியின் வக்கீல் வாதாடினார். ஜஸ்டிஸ் போஸ் அதை ஒப்பவில்லை. பகையோ, பொய் சொல்ல வேறு காரணமோ இருந்தாலன்றித் தாயும் சுயேச்சையான சாட்சியே என்றார். குழந்தை வேறு யாரிடம் போய்ச் சொல்லும்? தாலூகா கச்சேரிக்கா போகும்? குழந்தை தாயிடம் சொன்னால் அது சொந்தக்காரர் சாட்சி, சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை என்ற குறுக்கு விசாரணை. அழுதால் சொல்லிக் கொடுத்தது, அழாவிட்டால் நடந்திருக்காது. இப்படி இரண்டு பக்கமும் வாசல் வைத்த வீட்டில் எதிரி எந்தப் பக்கத்தாலும் வெளியேறலாம்.

சில்லறை முரண்பாடுகள் என்று ஒரு வாசல் இருக்கின்றது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1984 மார்ச்சில் பஞ்சாபில் பத்தாம் வகுப்புப் படிக்கும், பதினாறு வயது நிரம்பாத ஒரு பெண்ணைப் பரீட்சை எழுதிவிட்டு வரும் வழியில் காரில் தூக்கிக்கொண்டு போய் மூன்று பேர் இரவு முழுவதும் கெடுத்தார்கள். மறுநாள் காலையில் விட்டார்கள். அந்தப் பெண் என்ன செய்தாள்? நேரே போய் அன்றையப் பரீட்சையை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து தாயாரிடம் சொன்னாள். 1985-ல் கீழ்க்கோர்ட்டார் எதிரிகளை விடுதலை செய்தார்கள். கார் பியட்டா, அம்பாஸடரா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம்! பஸ் நிற்கும் இடத்தைக் கார் தாண்டியபோது கூச்சல் போடவில்லையாம்! பரீட்சை எழுதின இடத்தில் உபாத்தியாயினிகளிடம் சொல்லவில்லையாம்! போலீசுக்குப் போகத் தாமதம் ஆயிற்றாம். தாமதம் ஏன் ஆயிற்று? தகப்பனார் பஞ்சாயத்துக்காரர்களிடம் போய் நியாயம் கேட்டுக்கொண்டு நின்றதால் ஆயிற்று. இவ்வளவும் போதாதென்று அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றியும் ஜட்ஜு எழுதி வைத்தார். 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டார் இதையெல்லாம் துடைத்தெறிந்து எதிரிகளைத் தண்டித்தார்கள்.

நாம் கேட்கின்றோம்: காரின் கம்பெனிப் பெயர் தெரியாதது எதற்கு ருஜு? கார் தெரியாது என்பதற்குத்தான் ருஜு. கயிறு போட்டுத் தூக்கப்பட்ட ஆட்டுக்குக் கயிறு சணலா நாரா என்று தெரியாவிட்டால் அது திருடு போகவில்லை என்றாகுமா? முரண்பாட்டில் இரண்டு ஜாதி உண்டு. (ஜாதி என்ற வார்த்தைக்கு வேறு நல்ல உபயோகம் அகப்படாததால் இங்கே போடுகின்றோம்.) யார் செய்தது, என்ன செய்தான், எந்த இடத்தில் என்பதில் முன்னுக்குப் பின் மாறினால் அது அடிமரத்தில் விழுந்த வெட்டு. செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா, சட்டை நீலமா பச்சையா, மணி நாலா ஐந்தா என்பதில் மாறினால் இலை உதிர்ந்தது போல. குழந்தைகளுக்கு மணியும் தேதியும் எத்தனை தடவை என்ற கணக்கும் பெரியவர்களுக்கு உள்ளது போல் மனதில் பதிவதில்லை. பல மாதம் நடந்து வந்த கொடுமையில் ஒரு நாளும் இன்னொரு நாளும் கலந்துபோவதில் என்ன ஆச்சரியம்? நம் வாசகர்கள் சென்ற மாதம் இதே தேதியில் என்ன உடுத்தியிருந்தோம் என்று தாங்களே யோசித்துப் பார்க்கட்டும்.

1983-ல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டார் இதே மாதிரி நல்ல தீர்ப்புச் சொன்னார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் தன் மகளோடு விளையாட வந்த பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்கள் இருவரிடம் தகாதபடி நடந்துகொண்ட வழக்கு அது. பாதிக்கப்பட்டவள் சொல்லுக்கு வேறு சாட்சி கேட்பது புண்ணோடு அவமானத்தையும் சேர்ப்பதாகும் என்ற கருத்தில் ஜஸ்டிஸ் தக்கர் எழுதினார். ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணங்களை நாம் ஒப்புவதற்கில்லை. மேல்நாட்டுப் பெண் வேண்டுமானால் பொய் சொல்லக்கூடும், நம் தேசத்துப் பெண் மானம், கல்யாணம், குடும்ப கௌரவம் இவற்றுக்குப் பயந்தவளாகையால் இப்படிப் பொய் சொல்லத் துணிய மாட்டாள் என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு போகின்றது. இது நல்ல முடிவுக்குக் கெட்ட காரணம். பெண்ணுக்கு மானம் போய்விட்டது என்று ஊர் நினைக்கிறதே, அந்த அக்கிரமமான நினைப்பின் மேலேயே அவளுடைய யோக்கியதையைக் கட்டினால், நாளைக்கு அந்த நினைப்புக்குப் பயப்படாத பெண் வந்தால் அவளை நம்பக்கூடாது என்றல்லவா ஆகும்? ‘கற்பழிப்பு’ என்ற சொல்லையே நாம் பலாத்காரத்துக்கு உபயோகிக்கச் சம்மதியோம். எட்டு வயதுக் குழந்தைக்குக் கற்பு என்ன, அழிப்பு என்ன? அடிபட்டது அவள் உடம்பும் மனதும். நம்புவதற்குக் காரணம் அவள் சொல்லிலும் சந்தர்ப்பத்திலும் இருக்க வேண்டுமே தவிர, தேசாசாரத்தில் இருக்கக் கூடாது.

நிற்க, மறுபக்கத்தையும் பேசாவிட்டால் நாம் பகுத்தறிவைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்களாவோம். “குழந்தை பொய்யே சொல்லாது, குழந்தையும் தெய்வமும் ஒன்று” என்று சில தோழர்கள் மேடையில் பேசுகிறார்கள். குழந்தையைத் தெய்வமாக்குவதும் புரட்டுத்தான். 1983-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் மக்மார்ட்டின் குழந்தைப் பள்ளி என்ற இடத்தில் ஒரு தாயார் சொன்ன புகாரிலிருந்து பெரிய வழக்குக் கிளம்பிற்று. நூற்றுக்கணக்கான குழந்தைகளை உட்காரவைத்து, மற்றக் குழந்தைகளெல்லாம் சொல்லிவிட்டார்கள், நீ மட்டும் ஏன் சொல்லவில்லை என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். முடிவில் பூமிக்கடியில் சுரங்கம், ஆகாயத்தில் பறக்கிற சூனியக்காரிகள், இரகசியப் பூஜை எல்லாம் குழந்தைகளின் வாயிலிருந்து வந்தன. 1990 வரையில் வழக்கு நடந்து, ஒன்றரைக் கோடி டாலர் செலவாகி, ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் முடிந்தது. குற்றமற்றவர்கள் வருஷக்கணக்கில் ஜெயிலில் கிடந்தார்கள். உண்மையில் ஏதாவது ஒரு குழந்தைக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் அதையும் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று.

இதற்குப் பிறகு சாஸ்திரிகள் (சயன்ஸ்காரரைச் சொல்லுகின்றோம், பஞ்சாங்கக்காரரை அல்ல) பரீட்சை செய்து பார்த்தார்கள். செசி, லெய்க்ட்மன் என்ற இருவர் 1995-ல் வெளியிட்ட பரீட்சையில், ஒரு ஆள் சிறுவர் பள்ளிக்குள் வந்து இரண்டு நிமிஷம் இருந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போனார். சில குழந்தைகளிடம் முன்னும் பின்னும் ஒன்றும் சொல்லாமல் பிறகு கேட்டபோது, அவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். வேறு சில குழந்தைகளிடமோ, அந்த ஆள் எதையும் உடைக்கிறவர் என்று முன்னமே சொல்லி வைத்து, பிறகு “புஸ்தகத்தைக் கோபத்தில் கிழித்தாரா, விளையாட்டாகக் கிழித்தாரா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் அவர் கிழித்ததாகவே சொன்னார்கள். இதிலிருந்து என்ன தெரிகின்றது? குழந்தையின் சாட்சி கெட்டுப் போவது பெரும்பாலும் கேட்கிறவனால் என்று தெரிகின்றது. ஆகவே அப்பீல் கோர்ட்டார் பார்க்க வேண்டியது குழந்தைக்கு எத்தனை வயது என்பதைவிட, முதன்முதலில் அது யாரிடம் சொல்லிற்று, எப்பொழுது சொல்லிற்று, தானாகச் சொல்லிற்றா, யார் என்ன கேட்டதற்குச் சொல்லிற்று, எத்தனை தடவை விசாரிக்கப்பட்டது, அதன் வார்த்தை குழந்தை வார்த்தையாயிருக்கிறதா போலீஸ்காரர் வார்த்தையாயிருக்கிறதா என்பவைகளையேயாகும். ஆறு வயதுக் குழந்தை வாக்குமூலத்தில் “மேற்படி நபர் என்னை மானபங்கப்படுத்தினார்” என்று இருந்தால் எழுதினவரைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும். அதே குழந்தை, அந்த வயதில் தெரிந்திருக்க முடியாத ஒரு விஷயத்தைத் தன் மழலையில், தனக்குத் தெரிந்த உவமையில் சொன்னால், அதைச் சொல்லிக் கொடுக்க யாராலும் முடியாது.

சொல்லிக் கொடுத்தது என்ற வாதத்திலும் ஒரு தந்திரம் உண்டு. “அம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தாளா?” என்று வக்கீல் கேட்பார். “ஆமாம்” என்று குழந்தை சொல்லும். கோர்ட்டில் பயப்படாமல் நடந்ததைச் சொல்லு என்று சொல்லி அனுப்பாத தாய் உண்டா? என்ன சொல்லிக் கொடுத்தாள் என்ற அடுத்த கேள்வியை வக்கீல் கேட்கமாட்டார். ஜட்ஜுதான் கேட்க வேண்டும். 2025 பிப்ரவரியில், தாயைத் தகப்பன் கொன்றதைக் கண்ட ஏழு வயது மகளின் சாட்சியைத் தள்ளி மத்தியப் பிரதேச ஹைக்கோர்ட்டார் செய்த விடுதலையை சுப்ரீம் கோர்ட்டார் ரத்து செய்தபோது, சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்ற வெறும் சந்தேகம் போதாது, அதற்கு ஆதாரம் வேண்டுமென்று காட்டியிருக்கிறார்கள்.

2012-ம் வருஷத்திய குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தில், அதாவது போக்ஸோ சட்டத்தில், நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. எதிரியின் முகத்தைக் குழந்தை பார்க்காதபடி செய்ய வேண்டும். வக்கீல் கேள்வியை ஜட்ஜிடம் கொடுக்க வேண்டும், ஜட்ஜுதான் குழந்தையைக் கேட்க வேண்டும். அடிக்கடி கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது. வழக்கை எடுத்துக்கொண்ட முப்பது நாளில் குழந்தையின் சாட்சியைப் பதிவு செய்ய வேண்டும். கூடிய வரையில் ஒரு வருஷத்தில் விசாரணை முடிய வேண்டும். இந்த முப்பது நாள்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஞாபகம் பச்சையாயிருக்கும்போது வாங்கின சாட்சியில் முரண்பாடும் குறையும். ஊரார் கலைக்கவும் நேரமிருக்காது. இதைத் தவறவிட்டுவிட்டு மூன்று வருஷம் கழித்துக் குழந்தையைக் கூண்டில் ஏற்றி, “முன்பு சொன்னதற்கும் இப்பொழுது சொல்லுவதற்கும் வித்தியாசமிருக்கின்றதே” என்று கேட்பது யாருடைய குற்றத்தை யார் தலையில் கட்டுவது?

அதே சட்டத்தின் 29-வது செக்ஷனில், சில குற்றங்களுக்கு எதிரி செய்தான் என்றே கோர்ட்டார் அனுமானிக்க வேண்டும், இல்லையென்று அவன்தான் ருஜுப்படுத்த வேண்டும் என்று இருக்கின்றது. சர்க்கார் வக்கீல்களில் சிலர் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு சாட்சியும் சரியாக விசாரிக்காமல் உட்கார்ந்து விடுகிறார்கள். அது செல்லாது. அடிப்படையான சங்கதிகளை முதலில் சர்க்கார் தரப்பில் நிலைநாட்ட வேண்டும், அப்புறம்தான் அனுமானம் என்று பல ஹைக்கோர்ட்டுகளில் சொல்லியாகிவிட்டது. நமது அபிப்பிராயமும் அதுவே. சோம்பேறித்தனமாக நடத்தின வழக்கு அப்பீலில் உடையும்போது, விடுதலையாவது எதிரி. பொய்க்காரி என்று பட்டம் வாங்குவது குழந்தை.

கோர்ட்டைப் பற்றி இவ்வளவு சொன்னோம். ஊரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதி விட்டதாகும். வழக்கு அப்பீலில் சாவதற்கு முன் ஊரில்தான் விஷம் வைக்கப்படுகின்றது. ராஜஸ்தானத்தில் கங்காபூர் என்ற ஊரில் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் மேல் 2022 ஜனவரியில் ஒரு மாணவியின் தகப்பனார் பிராது கொடுத்தார். சில வாரத்திற்குள் அதே தகப்பனார், தப்பபிப்பிராயத்தால் கொடுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார்; ஹைக்கோர்ட்டார் வழக்கையே ரத்து செய்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்காரர்கள் அதைப் பொறுக்காமல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார்கள். நீங்கள் யார் இதில் தலையிட என்ற கேள்வியும் வந்தது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் அவர்களுடைய அப்பீலை ஏற்று, இது இரண்டு பேர் ராஜியாகித் தீர்த்துக்கொள்ளும் சொந்தச் சண்டையல்ல என்று சொல்லி வழக்கை நடத்தும்படி உத்தரவிட்டார்கள்.

தோழர்களே! உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை வாய் திறந்தால், பஞ்சாயத்தைக் கூட்டாதீர்கள், நாட்டாண்மையிடமும் போகாதீர்கள். குழந்தையைச் சுற்றிப் பத்துப்பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு கேள்வி கேட்காதீர்கள். “இவன்தானே? இப்படித்தானே செய்தான்?” என்று நீங்களே பதிலை வாயில் ஊட்டாதீர்கள், அது அப்பீலில் எதிரியின் வக்கீலுக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணமில்லாத உதவி. “என்ன நடந்தது, சொல்லம்மா” என்று ஒரு தடவை கேட்டு, அது சொல்லுகிறதை அதன் வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு, ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துச் செய்துகொள்ளுங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடமும் போலீசுக்கும் போங்கள்; 1098 என்ற டெலிபோன் நம்பரிலும் சொல்லலாம். தெரிந்தும் சொல்லாமலிருப்பதே அந்தச் சட்டத்தின் 21-வது செக்ஷன்படி ஆறு மாதம் வரை ஜெயிலுக்குரிய குற்றம் என்பதையும், குழந்தையின் பெயரை வெளியிடுவதும் குற்றம் என்பதையும் அடுத்த வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள். 1951-ல் அந்த எட்டு வயதுப் பெண்ணின் வழக்கை நான்கு கோர்ட்டுகளுக்குப் பிறகும் நிறுத்தி வைத்தது, நாலு மணி நேரத்துக்குள் அவள் தாயிடம் சொன்னதும், தாய் அதை மறைக்காமல் வெளியே சொன்னதும்தான்.